மரம் ஆகாயமா, உலோகம் காற்றா? சீன ஐந்து மூலகமும் நம் பஞ்சபூதமும்

ஊசிமுனை (வெள்ளவத்தை)

வணக்கம். சீன மருத்துவத்தின் ஐந்து மூலகக் கோட்பாட்டில் சில இடங்கள் பிடிபட மாட்டேன் என்கின்றன. சீன வைத்தியமும் சித்த வைத்தியமும் தெரிந்த அண்ணன்மார், அக்காமார் இங்கே இருக்கிறீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே கேட்கிறேன்.

அட்டவணை மனப்பாடம். மரம் நெருப்பைப் பிறப்பிக்கும், நெருப்பு மண்ணை, மண் உலோகத்தை, உலோகம் நீரை, நீர் மறுபடி மரத்தை. அடக்கும் வட்டத்தில் மரம் மண்ணை, மண் நீரை, நீர் நெருப்பை, நெருப்பு உலோகத்தை, உலோகம் மரத்தை. கல்லீரல் மரம், இதயம் நெருப்பு, மண்ணீரல் மண், நுரையீரல் உலோகம், சிறுநீரகம் நீர். இதுவரைக்கும் சிக்கல் இல்லை.

முதல் சிக்கல்: தமிழில் வருகிற அக்குபங்சர் வீடியோக்களிலும் வகுப்புக் குறிப்புகளிலும் மரத்தை ஆகாயம் என்றும் உலோகத்தைக் காற்று என்றும் மாற்றிவிட்டு, "இதுவும் நம் பஞ்சபூதம்தான்" என்கிறார்கள். அப்படி மாற்றலாமா?

இரண்டாவது: நுரையீரல் மெரிடியனில் (உடம்பில் சக்தி ஓடுவதாகச் சொல்லும் பாதை) விரல் நுனிப் புள்ளி மரம். பக்கத்து விரலில் பெருங்குடல் மெரிடியனின் நுனிப் புள்ளி உலோகம். இரண்டுமே உலோக உறுப்புகளின் மெரிடியன்கள். பிறகேன் இந்த வேறுபாடு?

மூன்றாவது: "மரம் மண்ணைத் தாக்குகிறது" என்று கண்டபின் கல்லீரலைத் தணிப்பதா, மண்ணீரலுக்கு வலுவூட்டுவதா? எதை முதலில் செய்வது?

நான்காவது: வசந்தம், இலையுதிர் காலம் என்று எதுவுமே இல்லாத கொழும்பில் பருவங்களை எப்படிப் பார்ப்பது?

—

நாடிவிரல்

இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன். அது விளங்கினால் மூன்றாவது தானாக இலகுவாகும்.

ஒவ்வொரு மெரிடியனிலும் விரல் நுனியிலிருந்து முழங்கை அல்லது முழங்கால் வரை ஐந்து புள்ளிகள்: கிணறு, ஊற்று, ஓடை, ஆறு, கடல். யின் மெரிடியன்களில் (நுரையீரல், கல்லீரல் போன்றவை) கிணறு மரம், ஊற்று நெருப்பு, ஓடை மண், ஆறு உலோகம், கடல் நீர். யாங் மெரிடியன்களில் (பெருங்குடல், வயிறு போன்றவை) கிணறு உலோகம், ஊற்று நீர், ஓடை மரம், ஆறு நெருப்பு, கடல் மண். இரண்டு வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். உலோகம்–மரம், நீர்–நெருப்பு, மரம்–மண், நெருப்பு–உலோகம், மண்–நீர். ஐந்து படியிலும் யாங் புள்ளி தன் நேர் யின் புள்ளியை அடக்குகிற மூலகமாகவே நிற்கிறது. நான்ஜிங் என்ற பழைய சீன மருத்துவ வினாவிடை நூலின் 64ஆம் வினா இதைத்தான் வன்மை–மென்மைச் சோடி என்று விளக்குகிறது: யாங் கிணறு வன் உலோகம், யின் கிணறு மென் மரம், ஒன்றுக்கொன்று துணை. ஆகவே புள்ளியின் மூலகத்தையும் மெரிடியனின் மூலகத்தையும் போட்டுக் குழப்பக்கூடாது. பெருங்குடல் மெரிடியன் உலோகம்தான். அதிலுள்ள ஐந்து புள்ளிகளும் ஐந்து மூலகம்.

இனிப் புள்ளி தெரிவு. 69ஆம் வினா: குறைபாடு என்றால் தாய்க்கு ஊட்டு, மிகை என்றால் பிள்ளையைத் தணி. பிறப்பிக்கிற மூலகம் தாய், பிறக்கிறது பிள்ளை. நுரையீரல் குறைபாட்டை எடுங்கள். குரல் மெலிவு, கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்கல், சும்மா இருக்கும்போதே வியர்வை, நாட்பட்ட இருமல், வெள்ளைச் சளி. உலோகத்தின் தாய் மண். எனவே நுரையீரல் மெரிடியனிலேயே மண் புள்ளியான நுரையீரல் 9 (அந்த மெரிடியனின் 9ஆம் புள்ளி), கூடவே மண் மெரிடியனின் மண் புள்ளியான மண்ணீரல் 3. நுரையீரல் 9 மணிக்கட்டு மடிப்பில், கட்டைவிரல் பக்கம், நாடி துடிக்கிற இரத்தக்குழாய்க்கு ஒட்டினாற்போல் வெளிப்பக்கம் இருக்கிறது. முதலில் விரலால் துடிப்பைத் தேடிப் பிடித்து, அதை ஒதுக்கிக்கொண்டு, அரைச் சுன்னுக்கும் (ஒரு சுன் நோயாளியின் கட்டைவிரல் அகலம்) குறைவாகவே ஊசி இறங்க வேண்டும். துடிப்பைத் தேடாமல் மடிப்பைக் கண்ணால் அளந்து குத்தினால் இரத்தக்கட்டு வரும். மண்ணீரல் 3 பெருவிரல் மூட்டுக் குமிழுக்குச் சற்றுப் பின்னே, பாதத்தின் உட்புற ஓரத்தில், சிவந்த தோலும் வெள்ளைத் தோலும் சந்திக்கிற கோட்டில். நுரையீரல் மிகை என்றால் (மஞ்சள் சளி, காய்ச்சல், பலத்த இருமல்) பிள்ளையான நீர்ப் புள்ளி: முழங்கை மடிப்பில் நுரையீரல் 5.

இதே கணக்கில் கல்லீரல் குறைபாட்டுக்கு நீர்ப் புள்ளியான கல்லீரல் 8, மிகைக்கு நெருப்புப் புள்ளியான கல்லீரல் 2. மண்ணீரல் குறைபாட்டுக்கு மண்ணீரல் 2, மிகைக்கு மண்ணீரல் 5. சிறுநீரகக் குறைபாட்டுக்குச் சிறுநீரகம் 7.

சூத்திரத்தை அப்படியே போட்டால் இடறுகிற இடம் கிணற்றுப் புள்ளி. சிறுநீரகத்தைத் தணிக்க வேண்டுமென்றால் கணக்குப்படி உள்ளங்கால் நடுவில் இருக்கும் சிறுநீரகம் 1. விரல் நுனிக் கிணறுகளில் சதை கிடையாது, உள்ளங்காலில் வலி தாங்காது, ஊசியைச் சுழற்றி வேலை செய்ய இடமில்லை. 73ஆம் வினா இதற்கு வழி சொல்கிறது: கிணற்றைத் தணிக்க வேண்டிய இடத்தில் அடுத்த ஊற்றுப் புள்ளியைத் தணி. ஆகவே சிறுநீரகம் 2. கிணற்றுக்கு வலுவூட்ட வேண்டிய இடத்தில் கடல் புள்ளியை எடுக்கலாம் என்று பிற்கால உரையாசிரியர்கள் சேர்த்தார்கள். இதயம் 9க்குப் பதில் இதயம் 3 வருவது இப்படித்தான். தவிர, சிறுநீரகத்தில் மிகை என்பதே அரிது. சோங் காலக் குழந்தை வைத்தியர் சியென் யி சிறுநீரகத்துக்குக் குறைபாடு மட்டுமே உண்டு என்று எழுதியவர். சிறுநீரகத்தைத் தணிக்கக் கை போகும்போதெல்லாம் நோயை நிர்ணயித்தது சரியா என்று திரும்பிப் பார்ப்பது நல்லது.

75ஆம் வினாவையும் படியுங்கள். கிழக்கு நிறைந்து மேற்கு வெறுமையாக இருந்தால் தெற்கைத் தணி, வடக்குக்கு ஊட்டு. கிழக்கு மரம், மேற்கு உலோகம், தெற்கு நெருப்பு, வடக்கு நீர். அதாவது மரம் மிகை, உலோகம் குறைவு. 69ஐப் பின்பற்றினால் மண்ணுக்கு ஊட்ட வேண்டும். இங்கே அப்படிச் சொல்லவில்லை. நீருக்கு ஊட்டினால் அது நெருப்பை அடக்கும். நெருப்பு தணிந்தால் உலோகத்தின் மேலிருந்த அழுத்தம் விலகும். விலகியபின் உலோகம் மரத்தைத் தானே அடக்கிக்கொள்ளும். நெருப்பு மரத்தின் பிள்ளை என்பதால் அதைத் தணிப்பது மரத்தின் மிகையையும் இழுத்துவிடும். இரண்டு வட்டமும் ஒரே நேரத்தில் வேலை செய்வதைக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

மூன்றாவது கேள்வி. மரம் மண்ணை அடக்குவது நோயல்ல, அதுதான் ஆரோக்கியம். கல்லீரலின் ஓட்டம் இருந்தால்தான் வயிறு அசையும், உணவு தேங்காமல் இறங்கும். நோய் இரண்டு விதமாக வரும். மரம் அளவு மீறி அழுத்துவது ஒன்று, மண் தளர்ந்து போனதால் சாதாரண மரமே பாரமாவது மற்றது. வெளியில் இரண்டுமே வயிற்றுவலி, வயிற்றோட்டம், பசியின்மை என்றுதான் தெரியும். பிரிப்பது நாடியும் நாக்கும்.

மரம் மிகை: விலாப்பக்கம் இறுக்கம், பெருமூச்சு, எரிச்சல். வயிறு முறுக்கி வலிக்கும், கழிந்ததும் வலி குறையும், கோபம் அல்லது பதற்றம் வந்த நாளில் கூடும். இடது கை நடு நாடி (மணிக்கட்டில் மூன்று விரல் வைத்துப் பார்க்கும்போது நடு விரலின் கீழ் வருவது) வீணைத் தந்தி போல் விறைத்திருக்கும், நாக்கின் ஓரங்கள் சிவந்திருக்கும். இங்கே முதலில் கல்லீரல் 3, பித்தப்பை 34. வயிறு 36 பின்னால் வரட்டும்.

மண் குறைவு: சாப்பிட்டதும் சோர்வு, கைகால் பாரம், மலம் எப்போதும் இளக்கம், முகம் மஞ்சளடித்த வெளிறல். நாக்கு வெளிறி ஊதி, ஓரத்தில் பல் அடையாளம் பதிந்திருக்கும். வலது கை நடு நாடி மெதுவாய், அமுக்கினால் மறைந்துவிடும். இங்கே முதலில் வயிறு 36, மண்ணீரல் 3, முதுகில் சிறுநீர்ப்பை 20. கல்லீரல் 3ஐ நடுநிலையாக வைத்தால் போதும். இந்த ஆளுக்கு முதல் நாளே கல்லீரலைப் பலமாகத் தணித்தால் களைப்புத்தான் கூடும்.

மருந்திலும் அதே பிரிவு. முதலாவதற்கு தொங் சியே யாவ் ஃபாங் என்ற நான்கு சரக்குக் கலவை: பாய் சூ, பாய் ஷாவ், சென் பி, ஃபாங் ஃபெங். இரண்டாவதற்கு மண்ணை நிமிர்த்துகிற ஷென் லிங் பாய் சூ சான். இது மண்ணுக்கு ஊட்டி உலோகத்தைப் பிறப்பிப்பதற்கும் பேர்போனது. நாட்பட்ட இருமலும் இளகிய மலமும் சேர்ந்து வருகிறவருக்கு வைத்தியர் இதைத்தான் முதலில் நினைப்பார்.

கடைசியாக ஒன்று. கல்லீரலுக்கு என்று விலா எலும்பிடையில் கல்லீரல் 14ஐயும், நுரையீரலுக்கு என்று முதுகில் சிறுநீர்ப்பை 13ஐயும் சேர்ப்பவர்கள் ஊசியைச் செங்குத்தாக ஆழமாக விடவே கூடாது. சரிவாக, 0.5 சுன்னுக்கு மேல் போகாமல். உள்ளே நுரையீரல் உறை. மெலிந்த உடம்பில் அது எதிர்பார்ப்பதைவிட மிகக் கிட்ட இருக்கிறது. ஊசிக்குப் பின் திடீர் நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் மூலகக் கணக்கு எதுவும் வேண்டாம், நேரே வைத்தியசாலை.

—

மூலிகைமுற்றம்

முதல் கேள்விக்கு வருகிறேன். மாற்றக்கூடாது. காரணம் மரபுப் பெருமை அல்ல, மாற்றினால் சிகிச்சை பிழையாகிவிடும்.

சீன அட்டவணையில் காற்று என்ற காலநிலைக் காரணி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மரத்தில், கல்லீரலோடு. நெருப்பில் வெப்பம், மண்ணில் ஈரம், உலோகத்தில் வறட்சி, நீரில் குளிர். நடுக்கம், தலைசுற்று, இழுப்பு, இடம் மாறி மாறி வருகிற வலி எல்லாம் அங்கே "கல்லீரல் காற்று". இப்போது உலோகத்துக்குக் காற்று என்று பெயர் வைத்துப் படித்த மாணவர் நடுக்கத்தோடு வருகிறவரைக் கண்டதும் என்ன செய்வார்? நுரையீரல் மெரிடியனைத் தேடுவார். சித்தத்தில் அதே நடுக்கம் வாதம், வாதம் காற்றும் ஆகாயமும் சேர்ந்தது. இரண்டு மரபும் தத்தம் வழியில் தெளிவாகத்தான் சொல்லியிருக்கின்றன. நடுவில் போட்ட பெயர்மாற்றம்தான் இரண்டையும் கெடுக்கிறது.

அடிப்படையே வேறு. பஞ்சபூதத்தில் ஒரு பொருள் எவற்றால் ஆனது என்று கேட்கிறோம். எல்லாப் பொருளிலும் ஐந்தும் கலந்திருக்கும், விகிதம்தான் வேறு. சீனத்தில் ஐந்தும் ஒரு சுழற்சியின் நிலைகள்: எழும்புதல், உச்சம், நிலைமாற்றம், ஒடுங்குதல், தேங்குதல். அதனால் அங்கே ஒன்று மற்றதைப் பிறப்பிக்கும், ஒன்று மற்றதை அடக்கும். நம் பூதங்களில் ஆகாயத்திலிருந்து காற்று, காற்றிலிருந்து தீ, தீயிலிருந்து நீர், நீரிலிருந்து நிலம் என்ற தோற்ற வரிசை உண்டு. அது நேர்கோடு, வட்டமாகத் திரும்பாது. அங்கே தீயிலிருந்து நீர் பிறக்கிறது, சீனத்தில் நீர் தீயை அடக்குகிறது. ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் இந்த ஒரு இடத்திலேயே முரண்பட்டுவிடும்.

சுவையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். நமக்கு ஆறு, அவர்களுக்கு ஐந்து. நம் இனிப்பு நிலமும் நீரும், புளிப்பு நிலமும் தீயும், உவர்ப்பு நீரும் தீயும், கார்ப்பு காற்றும் தீயும், கைப்பு காற்றும் ஆகாயமும், துவர்ப்பு நிலமும் காற்றும். அவர்களிடம் புளிப்பு மரம், கைப்பு நெருப்பு, இனிப்பு மண், காரம் உலோகம், உவர்ப்பு நீர். துவர்ப்பைப் புளிப்போடு சேர்த்துவிடுகிறார்கள், இரண்டுமே சுருக்கிப் பிடிப்பவை என்பதால். நமக்குக் கைப்பில் தீயே இல்லை, அவர்களுக்குக் கைப்பு தீயின் சுவை. ஆனால் பாகற்காய் சூட்டைத் தணிக்கும் என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. அனுபவம் ஒன்று, அடுக்கி வைத்த முறை வேறு.

சுவைகளின் வேலையை ஒரு வரியில் வைத்துக்கொள்ளுங்கள்: புளிப்பு சுருக்கும், கைப்பு இறக்கி உலர்த்தும், இனிப்பு ஊட்டி இணக்கும், காரம் சிதறடித்து வெளியே தள்ளும், உவர்ப்பு இளக்கும். சூவென் என்ற பழைய சீன மருத்துவ நூலின் 10ஆம் அத்தியாயம் சுவை மிஞ்சினால் என்னவாகும் என்று பட்டியல் தருகிறது. உவர்ப்பு மிஞ்சினால் இரத்தக்குழாயில் ஓட்டம் உறைந்து நிறம் மாறும். கைப்பு மிஞ்சினால் தோல் வாடி மயிர் உதிரும். காரம் மிஞ்சினால் தசைநார் இறுகி நகம் வறளும். புளிப்பு மிஞ்சினால் சதை தடித்துச் சுருங்கி உதடு உரியும். இனிப்பு மிஞ்சினால் எலும்பு நோகும், தலைமயிர் கொட்டும். பார்க்கத் தொடர்பில்லாத பட்டியல் மாதிரித் தெரியும். அடக்கும் வட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்: உவர்ப்பு நீர், இரத்தக்குழாய் நெருப்பு. கைப்பு நெருப்பு, தோல் உலோகம். காரம் உலோகம், தசைநார் மரம். புளிப்பு மரம், சதை மண். இனிப்பு மண், எலும்பு நீர். ஐந்தும் ஒன்றுவிடாமல் அந்த வட்டத்திலேயே ஓடுகின்றன. அட்டவணையை மனப்பாடம் செய்வதைவிட இந்த ஒரு பத்தியை நான்கு தரம் படித்தால் கூட நிற்கும்.

—

ஊசிமுனை

இருவருக்கும் மிக்க நன்றி. யின்–யாங் சோடி இப்போதுதான் சரியாக விளங்குகிறது. காற்று மரத்தில் இருப்பதை அட்டவணையில் பார்த்துக்கொண்டே இருந்தும் இணைத்துப் பார்க்கவில்லை.

கிளைக் கேள்வி ஒன்று. இந்த உறுப்பு ஒதுக்கீடு ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான் இருந்ததா?

—

கிழக்குவாசல்

இல்லை. அதைத் தெரிந்து வைத்திருப்பது மாணவருக்கு அவசியம்.

ஐந்தின் பெயரும் வரும் பழைய இடம் ஷாங்ஷு என்ற பழைய சீன ஆவணத் தொகுப்பின் ஹோங் ஃபான் அத்தியாயம். அங்கே வரிசை நீர், நெருப்பு, மரம், உலோகம், மண். நீர் நனைத்து இறங்கும், நெருப்பு எரிந்து ஏறும், மரம் வளையும் நிமிரும், உலோகம் உருமாறும், மண்ணில் விதைத்து அறுக்கலாம் என்று குணம் சொல்வதோடு சரி. பிறப்பிக்கும் வட்டமும் இல்லை, உறுப்பும் இல்லை.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ட்ஸோ யென் இதை அரசியலுக்குக் கொண்டுவந்தார். ஒவ்வோர் அரச வம்சமும் ஒரு மூலகத்தின் பலத்தில் எழும், அதை அடக்கும் மூலகத்தின் வம்சத்திடம் விழும் என்பது அவர் கொள்கை. மஞ்சள் பேரரசருக்கு மண், சியாவுக்கு மரம், ஷாங்குக்கு உலோகம், சோவுக்கு நெருப்பு. கி.மு. 221இல் நாட்டை ஒன்றாக்கிய சின் பேரரசர் இதை நம்பி நீரை ஏற்றார். நீருக்குரிய கறுப்பு அரச நிறமானது, நீருக்குரிய எண்ணான 6 அளவுகளுக்கு அடிப்படையானது.

உறுப்புக்கு வருவோம். பழைய மாதக் கட்டளை நூலில் வசந்தத்துப் பலியில் முதலில் வைப்பது மண்ணீரல், கோடைக்கு நுரையீரல், நடுவுக்கு இதயம், இலையுதிருக்குக் கல்லீரல், குளிருக்குச் சிறுநீரகம். அதன்படி மரம் மண்ணீரலுக்கும் உலோகம் கல்லீரலுக்கும் போகும். ஹான் காலத்து அறிஞர்களிடையே இது பெரிய விவாதம். வைத்தியர்கள் கல்லீரல்–மரம், நுரையீரல்–உலோகம் என்ற ஒதுக்கீட்டைப் பிடித்துக்கொண்டார்கள், அதுவே நிலைத்தது. 1973இல் மாவாங்துய் கல்லறையில் (மூடியது கி.மு. 168) கிடைத்த பட்டுச் சுவடிகளில் பதினொரு நாளங்கள் (பிற்கால மெரிடியன்களின் முன்னோடி) உண்டு, ஐந்து மூலக அட்டவணை அவற்றோடு கட்டப்படவில்லை. நாள அனுபவம் முதலில், அட்டவணை பிறகு.

அடக்கும் வட்டமும் மாறாத சட்டம் என்று எல்லோரும் ஏற்கவில்லை. சுன்ட்ஸு போர்நூலின் ஆறாம் அத்தியாயம் ஐந்தில் எதுவும் எப்போதும் வெல்வதில்லை என்கிறது. கொஞ்ச நீர் பெரிய நெருப்பை அணைக்காது, ஆவியாகும். மருத்துவத்தில் இதுவே எதிர்த்தடக்கல். உலோகம் தளர்ந்திருக்கும்போது மரம் திரும்பி அதை மோதும்: கோபம் வந்ததும் கிளம்புகிற இருமல், கூடவே விலாவலி, கண் சிவப்பு. அட்டவணையில் உலோகம் மரத்தை அடக்கும் என்றுதான் இருக்கும். நோயாளியின் உடம்பில் பலாபலம் மாறியிருக்கும்.

—

புறக்கோட்டையான்

நான்காவது கேள்வியை யாரும் தொடவில்லை.

சூவெனிலேயே மண்ணுக்கு இரண்டு ஏற்பாடு இருக்கிறது. ஒன்று, கோடைக்கும் இலையுதிருக்கும் நடுவில் நீள்கோடை. மற்றது 29ஆம் அத்தியாயம்: மண்ணீரலுக்குத் தனிப் பருவம் இல்லை, நான்கு பருவத்தின் கடைசிப் பதினெட்டு நாளும் அதற்குரியவை. நாலு பதினெட்டு எழுபத்திரண்டு, மற்ற நான்குக்கும் எழுபத்திரண்டு, மொத்தம் 360. மஞ்சள் ஆற்றுப் பக்கத்துக் காலநிலைக்குக் கட்டிய கணக்கு இது. ஆண்டு முழுவதும் 27, 28 பாகையில் நிற்கிற கொழும்பில் மாதத்தைப் பார்த்து மூலகம் தீர்மானிப்பது வீண் வேலை.

இங்கே பார்க்க வேண்டியது ஈரமும் சூடும். ஏப்ரல்–மே, ஒக்டோபர்–நவம்பர் மழை மாதங்களில் சுவரே வியர்க்கும். ஈரம் மண்ணீரலைத் தளர்த்தும்: தலை துணி சுற்றின மாதிரிப் பாரம், காலில் கனம், நாக்கில் தடித்த ஒட்டும் படை. படை வெள்ளையா மஞ்சளா என்பதுதான் அடுத்த கேள்வி. மஞ்சள் என்றால் ஈரச்சூடு, வாய்க் கசப்பும் மஞ்சள் சிறுநீரும் கூடவே இருக்கும். வெள்ளை என்றால் ஈரக்குளிர். அலுவலக ஏசி இன்னொரு பக்கம். நாள் முழுக்கக் குளிர்ந்த வறண்ட காற்றில் இருப்பவருக்கு வெளியே ஈரம், உள்ளே வறட்சி: தொண்டை காய்ந்து வறட்டிருமல், ஆனால் நாக்கில் படை. இவருக்கு "கொழும்பு ஈரமான ஊர்" என்று உலர்த்துகிற சரக்கை மட்டும் கொடுத்தால் இருமல் கூடும்.

சரக்கு விஷயம். கொழும்பு கேபோஸ் லேன் மூலிகைக் கடைகளில் சீனச் சரக்கின் பெயரைச் சொல்லி "இதற்குச் சமம் என்ன?" என்று கேட்டு வாங்குபவர்கள் உண்டு. சில இடத்தில் அது சரிவரும், சில இடத்தில் ஆபத்து.

இஞ்சியும் சுக்கும் பிரச்சினை இல்லை. ஆனால் ஒன்றுக்கு மற்றது மாற்று இல்லை. பச்சை இஞ்சி தடிமன் தொடக்கத்தில் வெளியே தள்ளும், நுரையீரல் பக்கம். சுக்கு வயிற்றை உள்ளிருந்து சூடாக்கும், மண்ணீரல் பக்கம். மஞ்சள் படை உள்ளவருக்குச் சுக்கு வேண்டாம்.

கறுவா: சீனர் ரோவ் குய் என்பது கசியா மரத்தின் தடித்த பட்டை. நம் இலங்கைக் கறுவா வேறு இனம், மெல்லிய சுருள். கசியாவில் கூமரின் என்ற, கல்லீரலைத் தாக்கக்கூடிய பொருள் மிக அதிகம், கல்லீரல் வருத்தம் உள்ளவர் தினமும் எடுக்கக்கூடாது. கறிக்கு எது போட்டாலும் சரி, மருந்து அளவுக்கு எடுப்பவர் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

அதிமதுரம்: ஏறக்குறைய எல்லாக் கலவையிலும் இணக்கச் சரக்காக வரும். பிறசர் உள்ளவர், நீர் போகும் மாத்திரை எடுப்பவர் வாரக்கணக்கில் எடுத்தால் பொட்டாசியம் இறங்கி பிறசர் ஏறும்.

ஷான் யாவ் கிழங்குக்கு இராசவள்ளி என்று சிலர் சொல்கிறார்கள். ஒரே பேரினம், வேறு இனம். கஞ்சியாகக் குடிக்க அருமையான சாப்பாடு. மருந்துக் கலவையில் நிறைக்கு நிறை மாற்றாகப் போடுவது சரியல்ல.

உண்மையான ஆபத்து ஆடுதீண்டாப்பாளை, ஈசுவரமூலி. சிங்களத்தில் சப்சந்த என்பது ஈசுவரமூலிதான். இவை அரிஸ்டோலோக்கியா குடும்பம். இதிலுள்ள அமிலம் சிறுநீரகத்தை நிரந்தரமாக அழிக்கும், சிறுநீர்ப்பாதைப் புற்றுநோயும் வரும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் மெலிவு மருந்து எடுத்த பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது, ஃபாங் ஜி என்ற சரக்குக்குப் பதில் பெயர் ஒத்த அரிஸ்டோலோக்கியா கலந்ததால். கல்லீரல் நெருப்பைத் தணிக்கிற லோங் தான் சியே கான் மாத்திரையிலும் இதே குடும்பத்து குவான் மு தோங் சேர்ந்து வந்தது. 2003இல்தான் சீன அரசு அதை நிறுத்தியது. பழைய இருப்பு, லேபிள் வாசிக்க முடியாத பெட்டி, சரக்கின் பெயர் போடாத பொட்டலம் எதையும் வாங்காதீர்கள்.

—

தரவு

மேலே சொன்னவை எல்லாம் மரபுக்குள் நின்று சரியானவை. நோயாளிக்கு முன்னால் உட்காரும்போது இரண்டு விடயத்தைக் கூடவே வைத்திருங்கள்.

சீன மருத்துவம் சொல்கிற சிறுநீரகம் வேறு, இரத்தப் பரிசோதனை சொல்கிற சிறுநீரகம் வேறு. முழங்கால் நோவு, காது இரைச்சல், இரவில் சிறுநீர் என்பவற்றை வைத்துச் "சிறுநீரகக் குறைபாடு" என்று எழுதுவார்கள். அவருக்குக் கிரியேட்டினின் (சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் இரத்த அளவு) சரியாகவே இருக்கலாம். மறுபக்கம், கிரியேட்டினின் ஏறியவருக்கு நாடி பார்த்து "நீர் மூலகம் நன்றாக இருக்கிறது" என்று சொல்லி அனுப்பிவிட முடியாது. மண்ணீரலும் அப்படித்தான். சீனர் அந்தப் பெயரில் சொல்வது பெரும்பாலும் செரிமானம். விபத்தில் மண்ணீரலை அகற்றியவருக்கும் மண்ணீரல் 3 குத்துகிறார்கள். குறிப்பேட்டில் "மண்ணீரல் சி (உயிர்ச்சக்தி) குறைவு" என்று எழுதி, அதை நோயாளி வீட்டில் போய் "எனக்கு மண்ணீரல் பழுது" என்று சொல்லிப் பயப்படுவது நடக்கிறது. சொல்கிறவர் அந்த இடத்திலேயே விளக்க வேண்டும்.

இரண்டாவது, சான்று. 2007இல் வெளியான ஜெர்மன் முதுகுவலி ஆய்வில் 1162 பேர். மரபுப்படி புள்ளி தேர்ந்து குத்தியவர்களில் 47.6 வீதத்தினர் தேறினார்கள். புள்ளியல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்தியவர்களில் 44.2 வீதம். வழமையான சிகிச்சையில் 27.4 வீதம். ஊசிச் சிகிச்சை உதவியது. எந்தப் புள்ளி என்பது பெரிய வித்தியாசம் செய்யவில்லை. கல்லீரல் 8ஆ கல்லீரல் 2ஆ என்று நுணுகிப் பார்ப்பது மரபின் ஒழுங்கு, அதைக் கற்கத்தான் வேண்டும், ஏனென்றால் கேள்வி கேட்டு, நாக்குப் பார்த்து, நாடி பிடித்து நோயாளியைக் கவனிக்கிற முறையை அதுவே கட்டமைக்கிறது. ஆனால் அந்தக் கணக்கு பொருந்திவிட்டது என்பதற்காக எடை குறைவு, மலத்தில் இரத்தம், மூன்று வாரத்துக்கு மேல் நிற்காத இருமல் போன்றவற்றை மூலகத்தில் அடக்கி வைத்திருக்கக்கூடாது. மூன்று வாரம் தாண்டிய இருமலுக்கு முதலில் சளிப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும், மண்ணீரல் 3 அதற்குப் பிறகு.